தண்ணீர் வரும் நாளில் வந்த காய்ச்சல்

பதினோரு வருஷமாக ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கும் வேலை செய்கிறேன். இத்தனை வருஷத்தில் பொது இடத்தில் நான் சத்தம் போட்டது ஒரே ஒரு நாள்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில், கிளம்பப்போகிற நாமக்கல் பஸ்ஸின் படியில் நின்று கத்தினேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள் என்று எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. புகார்

டிரம், தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்போம். புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்வோம், கொட்ட முடியாத இடத்தில் அபேட் மருந்து ஊற்றுவோம். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்போம். அதெல்லாம் எனக்குக் கஷ்டமே இல்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதுதான் கஷ்டம். எனக்குக் கூச்ச சுபாவம். மெதுவாகக் கேட்பேன், "இல்ல" என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

அது ஆடி மாதம். காவேரியில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. கொள்ளிடம் போகிற வழியில் ஒரு சந்து என் லைனில் வரும். அங்கே பைப் வேலை நடந்ததால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர். அந்தச் சந்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் கவிதா என்ற பெண் குடியிருந்தாள். ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள். அவள் கணவர் செல்வம், போர் போடும் ரிக் லாரிக்கு டிரைவர். சத்தீஸ்கர் பக்கம் நாலு மாதம் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கவிதா வந்து நின்றாள்.

"அக்கா, உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. தண்ணி சரியில்ல. தண்ணி வர்ற அன்னிக்கெல்லாம் இவருக்குக் காய்ச்சல் வருது. வராத அன்னிக்கு நல்லா இருக்காரு."

புதுத்தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்று ஊரில் எல்லாரும் சொல்வதுதான். அவள் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கியிருந்தாள். கணவரை வெந்நீரில் குளிக்க வைத்தாள். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாள். மெடிக்கலில் சொல்லி மாத்திரையும் வாங்கியிருந்தாள். மாத்திரை போட்ட மறுநாள் காய்ச்சல் இருக்காது. மாத்திரை கேட்டது என்று நினைப்பார்கள். அதற்கு மறுநாள் தண்ணீரும் வரும், காய்ச்சலும் வரும்.

செல்வம் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் தெம்பாகத்தான் இருந்தார். நான் நோட்டில் 'தண்ணீர் புகார்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். என் பையில் ஸ்லைடு டப்பாவும் ஊசியும் இருந்தன. காய்ச்சல் என்று காதில் விழுந்தால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும் என்று டிரெய்னிங்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் எடுக்கவில்லை.

2. தண்ணீர் வராத ஞாயிறு

அடுத்த செவ்வாய் காலை எட்டரை மணிக்குப் போனேன். கவிதா குழம்பிப்போய் இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை பைப் உடைஞ்சு தண்ணியே வரலக்கா. ஆனா மூணு மணிக்கு இவருக்கு டாண்ணு குளிர் வந்துருச்சு. ரெண்டு போர்வை போத்தியும் நிக்கல. நேத்துதான் தண்ணி வந்துச்சு. நேத்து ஒண்ணுமில்ல."

தண்ணீர் நாள் மாறிவிட்டது. காய்ச்சல் தன் நாளை மாற்றவில்லை. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று மணி, குளிர், நடுக்கம், பிறகு வேர்த்து விடுகிறது. டிரெய்னிங்கில் கேட்ட முறைக்காய்ச்சல் இதுதான். அதன் கணக்குப்படி அன்றைக்கு மறுபடியும் வர வேண்டும்.

செல்வம் கட்டிலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டரை மணி பஸ்ஸில் நாமக்கல் போய், அங்கிருந்து ரிக்கோடு மறுபடியும் சத்தீஸ்கர். போகாவிட்டால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவார்களாம்.

ரத்தம் எடுக்கணும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னதும் சிரித்தார்.

"நல்லா இருக்குற ஆளுகிட்ட எதுக்குக்கா ரத்தம்? கொசுவ ஒழிச்சுட்டு அது வேலைய நீங்க பாக்குறீங்களா?"

வேறு நாளாக இருந்தால் நான் திரும்பியிருப்பேன். அன்று கால் நகரவில்லை. அவர் வேலையை வைத்தே கேட்டேன்.

"தம்பி, வண்டியில ஒரு சத்தம் ஒருநாள் விட்டு ஒருநாள் வருதுன்னு வைங்க. சத்தம் வராத நேரத்துல, வண்டி நல்லாருக்குன்னு மலை ஏத்துவீங்களா?"

பை கட்டுவதை நிறுத்தினார். "ஏத்த மாட்டேன். பானட்டத் தொறந்து பாப்பேன்."

"அப்ப விரலக் குடுங்க."

கவிதா வாய்விட்டுச் சிரித்தாள். அவர் விரலைக் கொடுத்தார். ஆனால் பஸ்ஸை விடுவதாக மட்டும் சொல்லவில்லை.

3. ஸ்லைடு

எடுத்த ஸ்லைடுகளை மாலையில் மொத்தமாகக் கொடுப்பதுதான் வழக்கம். அன்று லைனை அப்படியே விட்டுவிட்டு நேராகச் சுகாதார நிலையத்து லேபுக்கு நடந்தேன். உண்மையில் ஓடினேன். லேப் மேடம், "காயறதுக்குள்ள கொண்டாந்துட்டியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுச் சாயம் போட்டார்.

பதினொன்றே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ரத்த அணுவுக்குள் சின்ன மோதிரம் மாதிரி தெரிந்தது. "வைவாக்ஸ் மலேரியா. ஆளப் புடி," என்றார்.

கவிதாவுக்கு போன் போட்டேன். அவர் கிளம்பிவிட்டார். அவள் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. தான் அழுவோம் என்று நினைத்து எடுக்காமல் இருப்பார் என்றாள். என் நம்பர் அவருக்குத் தெரியாது, அதையும் எடுக்கவில்லை.

4. நாமக்கல் பஸ்

டவுன் பஸ்ஸில் ஏறினேன். காவேரிப் பாலத்தில் புதுத்தண்ணீர் பார்க்க வந்த கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது. எல்லாரும் ஆற்றைப் பார்த்தார்கள், நான் மணியைப் பார்த்தேன். வழியில் மூன்று மணிக்கு அவருக்குக் குளிர் வரும். நாளை நல்லாகி ரிக்கில் ஏறிவிடுவார். அதற்கப்புறம் காட்டுக்குள் எந்த லேப்?

சத்திரத்தில் இறங்கியபோது நாமக்கல் பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. படியில் தொற்றினேன். அவர் கடைசிக்கு முந்தின சீட்டில் ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தார். அத்தனை பேர் நடுவில் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. என்ன சொல்வது என்று யோசிக்கும்முன் கத்திவிட்டேன்.

"செல்வம் தம்பி! பானட்டத் தொறந்து பாத்தாச்சு. வண்டிய எடுக்கக் கூடாது!"

டிரைவர் நிஜமாகவே பிரேக் போட்டுவிட்டார். கண்டக்டர், "எங்க வண்டிக்கு நீ யாரும்மா சர்ட்டிபிகேட் குடுக்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது. செல்வம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சுகாதார நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவர் பல் கிடுகிடுவென்று அடிக்க ஆரம்பித்தது. நடுங்கிக்கொண்டே, "டைம் கரெக்ட்டுக்கா," என்றார்.

டாக்டரே ரிக் ஓனரிடம் போனில் பேசினார். ரிக்கில் இன்னும் இரண்டு பேருக்கு இதே மாதிரி வந்து போகிறது, மாத்திரை பெயர் சொல்லுங்கள் என்றாராம் ஓனர். பெயர் வேண்டாம், ஆட்களை ரத்தம் பார்க்கக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். செல்வத்தின் இடத்தை ஓனர் வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் சந்து முழுவதும் ரத்தம் எடுத்தோம். கவிதாவுக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டு மொட்டைமாடி டேங்க் மூடியில்லாமல் கிடந்தது. தண்ணீரின் மேல் புழுக்கள் படுத்த வாக்கில் மிதந்தன. மலேரியாக் கொசுவின் புழு அப்படித்தான் மிதக்கும். ஏணி மாடி வீட்டுக்காரர் பக்கம் இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு நான் ஒருநாளும் மேலே ஏறிப் பார்த்ததில்லை. என் கையெழுத்து மட்டும் வாராவாரம் அட்டையில் இருந்தது.

நாலாம் நாளே காய்ச்சல் நின்றுவிட்டது. இனி மாத்திரை எதற்கு என்று செல்வம் கேட்டாராம். கவிதா பதினாலு நாளும் எதிரில் நின்று விழுங்க வைத்தாள். கடைசி மாத்திரை அன்று போனில் சொன்னாள்: "இன்னைக்குத் தண்ணி வந்துச்சுக்கா. தண்ணி மட்டும்தான் வந்துச்சு."

புதுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கவிதா சொன்ன காரணம் தப்பு. ஆனால் அவள் நாளையும் மணியையும் தப்பில்லாமல் பார்த்து வைத்திருந்தாள். அந்த வீட்டில் மலேரியாவைக் கண்டுபிடித்தது அவள்தான், பெயர்தான் அவளுக்குத் தெரியவில்லை. பெயர் தெரிந்த நான் தண்ணீர் புகார் என்று எழுதிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டுவிட்டு நான் நகர்வதில்லை. "எப்ப வருது, எதனாலன்னு நெனைக்கிறீங்க?" என்றும் கேட்கிறேன். குரல் இன்னும் சின்னதாகத்தான் வருகிறது. அவர்கள் காதில் விழாவிட்டால் இரண்டாம் முறை கேட்கிறேன்.