கிளாடிஸ் அக்காவின் நீல ஃபைல்

கிளாடிஸ் அக்காவிடம் ஒரு காகிதம் குறைந்தாலும் காரியம் நடக்காது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் குமாஸ்தா. பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வருகிறவர்கள் எல்லாரும் அவள் ஜன்னலுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். பிறப்புப் பத்திரம் எங்கே, அதுக்கு ரெண்டு நகல் எங்கே, அப்பா அம்மா அடையாள கார்டு எங்கே? ஒன்று இல்லையென்றாலும் தலை நிமிராமல் ஒரே பதில். "நான் போட்ட சட்டம் இல்லம்மா. நாளைக்கு வாங்க." பிள்ளை அழுதாலும் சரி, தகப்பன் கத்தினாலும் சரி, அந்தப் பதில் மாறியதே இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மனுஷன் பீட்டர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் காகிதங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும், கரண்டு பில்லும் கல்யாணப் படமும் ஒன்றாக. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகிறதே என்று அவர் பாட்டுக்குப் போய், பினாங்கிலிருந்து புக்கெட் போய்வரும் கப்பலில் நாலு பேருக்கு டிக்கெட் போட்டுவிட்டார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் யார் அந்த நாலு பேர்? இவர்கள் இரண்டு பேர், அப்புறம் லீனாவும் ஜெரோமும். அக்காவுடைய தம்பி நாதனும் அவன் பெண்டாட்டியும் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால், அவர்களின் இந்த இரண்டு பிள்ளைகளும் அத்தை வீட்டில்தான் வளர்கின்றன. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. முதலில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஐஸ்பெட்டிக் கதவில் ஜெரோம் ஒரு காலண்டர் ஒட்டி, நாள் நாளாகச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டு வந்தான். ஏழு வயசுப் பையனிடம் போய் இனி கப்பல் இல்லை என்று யார் சொல்வது?

பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டாள். பீட்டர் ரொம்ப நிம்மதியாக டின்னைத் திறந்து, இரண்டு ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து நீட்டினார். ஃபாதர் கையெழுத்து இருக்கிறது, கோயில் முத்திரை இருக்கிறது, ஞானத்தகப்பன் என்று அவர் பெயரே இருக்கிறது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டுமாம். மாதாவே, இந்த மனுஷனோடு எப்படித்தான் காலம் தள்ளினேன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். புக்கெட்டில் குடிநுழைவு அதிகாரியிடம் போய் ஞானத்தகப்பன் என்று சொன்னால் கும்பிட்டு உள்ளே விடுவானா?

அன்றைக்கு ஒரு நீல ஃபைல் வாங்கினாள். நாதனும் பெண்டாட்டியும் லீவு போட்டு பஸ் ஏறி வந்தார்கள். பெற்றவர்கள் கூட நின்று பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி. அப்பா அம்மா இல்லாமல் பிள்ளைகள் போவதால், இன்னாருடன் அனுப்பச் சம்மதம் என்று சத்தியப்பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்று கப்பல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையையாவது உருப்படியாகச் செய்யட்டும் என்று தம்பியோடும் அவன் பெண்டாட்டியோடும் பீட்டரை அனுப்பினாள். அவரும் செய்துகொண்டு வந்தார். கையால் எழுதிய கடிதம். பாஸ்போர்ட் நம்பர், முத்திரை எல்லாம் சரி. ஆனால் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர் என்று அவர் பெயர். முத்திரை வாங்கின கையோடு மூன்று பேரும் நாசி கண்டார் கடைக்குச் சோறு சாப்பிடப் போயிருக்கிறார்கள். காகிதத்தின் மூலையில் வெள்ளிக்காசு அளவுக்கு மீன் குழம்பு.

அக்காவுக்கு வந்ததே கோபம். இதை ஒரு ஆபீசரிடம் நீட்டினால் என்ன நினைப்பான்? ராத்திரியே டைப் அடித்து, மறுநாள் சூலியா தெருவில் அச்செடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முனகிய தம்பியையும் பெண்டாட்டியையும் திரும்ப ஆணையரிடம் இழுத்துப் போனாள். புதுக் கடிதத்தில் ஒரே பெயர், அவளுடையது. ரெண்டு பேர் பெயரையும் போட்டால் என்ன என்று பீட்டர் கேட்டதற்கு, பொறுப்பு என்றால் ஒரு ஆள்தான் இருக்க வேண்டும், ரெண்டு பேர் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆபீஸ் பாடம் நடத்தினாள். குழம்புக் கடிதத்தைக் குப்பையில் போடச் சொன்னாள். அவர் டின்னில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை, ஃபைலின் முன்பக்கத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எதிரே உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்த பீட்டர், "ஒன்னோட பாஸ்போர்ட்ட பாத்தியா?" என்று கேட்டார். எனக்கே சொல்லித் தருகிறீர்களா என்று அவள் பாய்ந்த பாய்ச்சலில் மனுஷன் கடலையோடு வாசலுக்குப் போய்விட்டார். வேளாங்கண்ணி போகும்போது எடுத்த பாஸ்போர்ட். இப்போதுதான் எடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை துறைமுக முனையம் திருவிழாக் கூட்டம். ஜெரோம் புதுத் தொப்பியோடு நிலைகொள்ளாமல் குதித்தான். கவுண்டரில் சலேஹா என்று பெயர் அட்டை குத்திய ஒரு தமிழ்ப் பெண். அக்கா ஃபைலைத் திறந்து, கலர் கலராகத் தாள் ஒட்டி வைத்த வரிசையிலேயே எடுத்துக் கொடுத்தாள். லீனா சரி. ஜெரோம் சரி. பீட்டர் சரி. நாலாவது புத்தகத்தில் அந்தப் பெண்ணின் விரல் நின்றது.

"அக்கா, இதுல நாலு மாசந்தான் இருக்கு. ஆறு மாசம் இருக்கணும்லா. ஏத்த முடியாது."

அக்கா புத்தகத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள். நாலு நாள் பயணத்துக்கு நாலு மாசம் போதாதா என்று வாதாடினாள். பெரிய ஆபீசரைக் கூப்பிடச் சொன்னாள். தானும் அரசாங்க வேலைதான் என்றாள். கடைசியில் கெஞ்சவும் செய்தாள்.

"நான் போட்ட சட்டம் இல்லக்கா," என்றது அந்தப் பெண், பாவம், தலையைக் குனிந்துகொண்டு.

அப்போதுதான் அடுத்த இடி. அழைத்துப் போகிறவர் என்று கடிதத்தில் இருப்பது அவள் ஒருத்தி பெயர்தான். அவள் இல்லையென்றால் பிள்ளைகளும் இல்லை. ஜெரோமின் உதடு துடிக்க ஆரம்பித்தது. லீனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பீட்டர் ஏதோ தப்புச் செய்கிறவர் போல மெல்லப் பையைத் திறந்தார். பிஸ்கட் டின். ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கு நடுவிலிருந்து குழம்புக் கடிதத்தை எடுத்து, அக்கா முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். சலேஹா அதை உள்ளே கொண்டுபோய்க் காட்டினாள். கறையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முத்திரையையும் நம்பரையும் பார்த்தார்கள், போகலாம் என்றார்கள்.

"நீ இல்லாம எதுக்கு, நானும் போகல," என்றார் பீட்டர். மனசாரத்தான் சொன்னார்.

"பேசாம போங்க. ஜெரோமுக்குக் குமட்டும், பிளாஸ்டிக் பை சைடு ஜிப்புல இருக்கு."

அவர்கள் உள்ளே போனார்கள். ஜெரோம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிக் கையாட்டினான். அக்கா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மஞ்சள் காகிதத்தைப் பார்த்தாள். லீனா, ஜெரோம், பீட்டர், மூன்று பெயர், மூன்று சரி. தன் பெயரை அவள் எழுதவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் அவள் காகிதம் கேட்கிற பக்கமே உட்கார்ந்திருந்தவள்.

கண்ணீர் பொலபொலவென்று வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இந்த மனுஷனாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே திட்டத் தொடங்கினாள். பாதியில் நிலக்கடலை ஞாபகத்துக்கு வந்தது. மனுஷன் கேட்டுத்தான் இருந்தார்.