நண்டு குத்திய விரல்

கண்டியில் ஊரடங்குக் காலம். என் கணவருக்கு நெடுநாள் ஈரல் நோய். கறிக்கு உப்பைக்கூட அளந்துதான் போடுவேன். யாழ்ப்பாணத்தவரல்லவா, கடல் நண்டு கிடைத்ததும் தானே உடைக்க உட்கார்ந்துவிட்டார். ஓடு விரலில் குத்தியது. மஞ்சள் பூசிவிட்டேன்.

மறுநாள் காலை கை வீங்கி, ஊதா நிறக் கொப்புளங்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"பின்னேரம் ஊரடங்கை எடுக்கட்டும், போவம்" என்றார்.

"என்னால பொறுக்கேலாது. வெளிக்கிடுங்கோ!"

பக்கத்து வீட்டு சிங்கள ஆசிரியர் தன் காரில் ஏற்றினார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையோடு அந்தக் கையையும் காட்டினோம்.

"கடல் கிருமி. ஈரல் பழுதான ஆக்களுக்கு இது உயிராபத்து. பின்னேரம் வந்திருந்தா காப்பாத்தியிருக்கேலாது" என்றார் டாக்டர்.

பிழைத்துவிட்டார். இப்போது பச்சை நண்டை அவரைத் தொட விடுவதில்லை. நன்றாக வெந்த பிறகே தட்டில் வைப்பேன். சின்னக் கீறலென்றாலும் ஆஸ்பத்திரிதான். எங்கள் வீட்டில் மஞ்சள் இனிக் கறிக்கு மட்டும்.