வில்பி அக்கா

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில், புகார் கேட்கும் அறையில் ஆறு மேசைகள். ஜன்னலோர மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் வில்பி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு எழுபது தடவையாவது அவர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்: "டெக்னீஷியன் வில் பி கமிங் டுமாரோ மார்னிங்."

வெறுமனே "வில் கம்" என்று சொல்லிவிடக் கூடாது. வருவார் என்றால் கஸ்டமர் சந்தேகப்படுவார். வந்துகொண்டிருப்பார் என்றால் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்ட மாதிரி இருக்கும், பாதிக் கோபம் இறங்கிவிடும் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லியிருந்தார். அப்போது அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்தோடு கைகழுவிய ஆங்கிலத்தைக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று நாக்கு வறள வறளச் சொல்லிப் பழகினார்.

நானூறு லிஃப்டுக்கு மெக்கானிக்குகள் மூன்று பேர். எந்த நாளை என்று யாருக்குத் தெரியும்?

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "எத்தனை மணிக்கும்மா வருவே?" என்று மகள் கேட்டால், "ஆறரைக்கு வந்துகிட்டிருப்பேன்" என்பார்.

"அப்ப ஏழரை."

"உங்கம்மாவை நம்பி அடுப்பைப் பத்த வச்சிடாதே" என்பார் முதுகு வலியால் வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் கணவர். அக்கா சிரிக்கமாட்டார். வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும்.

ஆபீஸ் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் ஏற்கெனவே வாங்கியாயிற்று. ஒன்று, "எனக்குத் தெரியலைங்க" என்று சொன்னதற்கு. இன்னொன்று, பதில் சொல்லாமல் பெருமூச்சு விட்டதற்கு. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி.

அந்தத் திங்கட்கிழமை ஏழாவது மாடியிலிருந்து ஒரு பெண் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். அவள் கணவருக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு டயாலிசிஸ். படி இறங்க முடியாத மனிதர். லிஃப்ட் சனிக்கிழமையே நின்றுவிட்டது. அக்கா அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பகுதி மெக்கானிக்கை இன்னொரு போனில் பிடித்தார்.

"அண்ணே, அந்த ஏழாவது மாடி... நாளைக்குக் காலையில முடியுமா?"

"எனக்கென்ன நாலு கையா இருக்கு? புதன்கிழமைக்கு முன்னாடி அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன். வழக்கமா சொல்றதைச் சொல்லிடு தாயி."

அக்கா மறுபடி இணைப்புக்கு வந்து, "டெக்னீஷியன் வில் பி..." என்று ஆரம்பித்தார்.

"இங்கிலீஷ் வேணாங்க" என்றாள் அந்தப் பெண். அவள் குரலிலும் தூக்கமில்லாத களைப்பு. "சனிக்கிழமையிலேர்ந்து வந்துகிட்டேதான் இருக்காரு. வருவாருன்னா நான் பேசாம இருந்துடுவேன். வரலைன்னா கீழ்வீட்டுத் தம்பிங்க நாலு பேரு நாற்காலியோட தூக்கி இறக்குறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க விடிஞ்சா வேலைக்குப் போயிடுவாங்க. இப்பவே சொல்லி வைக்கணும். என்ன சொல்லட்டும்?"

பதிவாகிக்கொண்டிருப்பதைக் காட்டும் சிவப்புப் புள்ளியை அக்கா பார்த்தார்.

"நாளைக்கு யாரும் வரமாட்டாங்கம்மா. புதன்கிழமைதான். அதுவும் உறுதியில்ல. தம்பிங்ககிட்ட சொல்லிடுங்க."

மறுமுனை "சரிங்க" என்று வைத்துவிட்டது.

அரைமணி நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து மேசையோரம் நின்றார். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். "தெரிஞ்சேதான் சொன்னீங்களாக்கா?"

"தெரிஞ்சுதான்."

"கடிதம் காலையில வந்துடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது." போகத் திரும்பியவர், தயங்கி நின்றார். "ஆறு மணி வரைக்கும் இருங்க. இன்னிக்கு ரெண்டு பேரு லீவு."

இருந்தார். எழுந்து போகவும் தெம்பு வேண்டுமே. அடுத்த அழைப்பை எடுத்து, "வியாழக்கிழமைக்கு முன்னாடி ஆள் கிடைக்காதுங்க" என்றார். கூப்பிட்டவர் திட்டினார். எப்போதும் திட்டுகிற அளவுதான். ஒரு சொல் கூடவில்லை, குறையவுமில்லை. அக்கா தண்ணீர் ஒரு மடக்கு குடித்துவிட்டு அதற்கடுத்த அழைப்பை எடுத்தார்.