மைனஸ் மூன்று என்ற நற்செய்தி

ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று பாடும்போது, இரண்டாவது சரணத்திலேயே என் கால்கள் மரத்துப்போகும். உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஐந்து சரணப் பாட்டாகவே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பாடகர் குழுத் தலைவர் மீதுதான் முதலில் எனக்குச் சந்தேகம்.

பள்ளியிலும் அதே கதை. முப்பது வருடம் நின்றே கணக்கு நடத்தியவள், நாற்காலியில் உட்கார்ந்து நடத்த ஆரம்பித்தேன். பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கோ அழுகை வந்தது. பழையபடி நிற்க முடிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

தாம்பரத்தில் பார்த்த மருத்துவர், ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் (முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் பாதை குறுகிப்போவது) என்றார். முள்ளெலும்பு ஒன்றும் நழுவியிருந்தது. திருகாணி போட்டு நிறுத்த வேண்டுமாம்.

"அதுக்கு முன்னாடி டெக்ஸா ஒண்ணு எடுத்துடுங்க டீச்சர்."

டெக்ஸா (எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஊடுகதிர்ப் படம்) வலிக்காது. கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தால் போதும். முடிந்து, கழற்றி வைத்த வளையல்களை நான் மாட்டிக்கொண்டிருந்தபோது, என் கணவர் சாமுவேல் அறிக்கையை வாங்கிவிட்டார். இடுப்பெலும்புக்கு நேரே மைனஸ் 3.1 என்றிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மைனஸ் என்றால் நெகட்டிவ், நெகட்டிவ் என்றால் ஸ்தோத்திரம். நான் வெளியே வருவதற்குள் சபை வாட்ஸப் குழுவுக்குச் செய்தி போய், கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"ஏங்க, இது டி-ஸ்கோர். இளவயசு எலும்போட ஒப்பிட்டுப் பாக்குறது. மைனஸ்னா அதுக்குக் கீழ போயிருக்குன்னு அர்த்தம்."

"எல்லாத்துலயும் கணக்கு டீச்சரா இருக்காத. பாஸ்டரே ஆமென் போட்டுட்டாரு."

மருத்துவர் ஆமென் போடவில்லை. ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு நலிவு) என்றார். இப்போதே திருகாணி போட்டால் அது தளர்ந்துபோய், மறுபடி முதுகைத் திறக்க வேண்டி வரலாம்.

"ஊறிப்போன சுவத்துல ஆணி அடிச்ச மாதிரி ஆயிடும் டீச்சர்."

"அப்ப டிரில் போட்டு பிளக் வெச்சிரலாமே டாக்டர்," என்றார் இவர். என் மானம் போயிற்று. மருத்துவரோ சிரிக்கவில்லை.

"கிட்டத்தட்ட அதேதான் சார். தேவைப்பட்டா எலும்பு சிமென்ட் விடுவோம்."

அன்றிலிருந்து இவர் பாதி மருத்துவராகிவிட்டார்.

முதலில் ஆறு மாதம், எலும்பை வளர்க்கும் ஊசி தினமும் போட வேண்டும். அறுவை சிகிச்சை அதற்குப் பிறகுதான். அதற்குள் நடையே போய்விட்டால்? எங்கள் வீடு இருக்கும் ஊரப்பாக்கம் வரும்வரை ஆட்டோவில் அழுதேன். இவர் குழுவில் ஒரு திருத்தம் போட்டார்: 'நெகட்டிவ் என்றது பாசிட்டிவ் இல்லை. ஜெபிக்கவும்.' யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் ஜெபித்தார்கள்.

ஊசியை இவரே போட்டார். முதலில் கத்தரிக்காயில் பழகினார். அன்றைய குழம்பை நான் தொடவில்லை. தினமும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். "கண்ணைத் தொறந்துட்டுக் குத்துங்க," என்று தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்து, மருத்துவர் புதிதாக எடுத்த சி.டி. படத்தில் எந்த முள்ளெலும்பில் திருகாணிக்குப் பிடிப்பு அதிகம், எங்கே சிமென்ட் விட வேண்டும் என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். உங்களுக்கும் திருகாணி என்று சொன்னால், 'என் எலும்பு தாங்குமா?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அவராகச் சோதித்ததால் பிழைத்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரம், திரும்பிப் படுக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. எலும்பு அவசரமே படாது, மாதக் கணக்கில்தான் வேலை செய்யும் என்று அப்போது புரிந்தது.

போன வாரம் ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறியதும் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதம்மா," என்றார் இவர். "வீட்லயும் உக்கார மாட்டேங்குறா. டிவியக்கூட நின்னுகிட்டுதான் பாக்குறா."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டலூர் போயிற்று, பெருங்களத்தூர் போயிற்று. முன்பெல்லாம் ஒவ்வொரு நிலையமும் எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். இப்போது, தாம்பரம் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்து தொலைக்கிறது என்று கோபமாக வருகிறது.