மூன்று நொதிகளும் அப்பாவின் கிரியேட்டினினும்

அப்பாவின் கிரியேட்டினினை அளப்பதற்காக நான் ஆராய்ச்சியில் சேரவில்லை. சேர்ந்தபோது அவருடைய சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினினை அளக்கும் சென்சார் என்ற தலைப்பைப் பேராசிரியர் கொடுத்தார். நோயை அப்பா பிறகு சேர்த்துக்கொண்டார்.

வேலை இதுதான். முதல் நொதி கிரியேட்டினினை மாற்றி இரண்டாவதிடம் கொடுக்கும். இரண்டாவது அதை இன்னும் மாற்றி மூன்றாவதிடம் தள்ளும். மூன்றாவது விடும் பெராக்சைடை மின்முனை அளந்து எண்ணாகக் காட்டும். தாம்பரம் ஷேர் ஆட்டோவில் ஏற்றுவது மாதிரி மூன்றையும் நெருக்கி உட்காரவைக்க வேண்டும். அதற்குத்தான் குளூட்டரால்டிஹைடு. கண் எரியவைக்கும் திரவம். புரதங்களில் உள்ள அமீன்களைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டி, மின்முனைமேல் படலமாக்கிவிடும். கூடினால் நொதி செத்துவிடும், குறைந்தால் கழுவும்போது ஓடிவிடும்.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். டயாலிசிஸுக்குத் தயாராகச் சொல்லி, அதற்கு ஊசி குத்த ரத்தக்குழாயைத் தயார்செய்ய இடது மணிக்கட்டில் ஒரு சின்ன ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்ததும், ஆஸ்பத்திரி மெஷின் தப்பு என்று முடிவு செய்தார். என்னுடையதில் பார்க்கச் சொன்னார். இது ஆராய்ச்சிக்குத்தான், வைத்தியத்துக்கு ஆகாது என்று நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. பேராசிரியருக்கு எப்படியும் நோயாளிகளின் ரத்தம் தேவைப்பட்டது. அப்பா சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோதே எனக்கும் ஒரு குழாய் வாங்கித் தந்தார்.

என் சென்சார் ஆஸ்பத்திரி எண்ணில் பாதிதான் காட்டியது. அப்பா ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். டாக்டர் தடுத்திருந்த மட்டனை வாங்கிவரச் சொன்னார்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை படலத்தைச் சோதித்தேன். கழுவக் கழுவ எண் குறைந்துகொண்டே போனது. நொதிகள் ஒட்டவே இல்லை. நொதிகளைக் கரைக்கும் எங்கள் பாஸ்பேட் பஃபர் தீர்ந்துபோனதால், கூட வேலை செய்யும் நண்பன் உறைமோர் வாங்குவதுபோலப் பக்கத்து லேபில் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தான். அது டிரிஸ் பஃபர். அதிலும் அமீன் உண்டு. குளூட்டரால்டிஹைடு நொதிகளை விட்டுவிட்டு அதைக் கட்டிக்கொண்டது. "பஃபர்னா பஃபர்தானே மச்சான்," என்றான். அவனும் இதே துறையில்தான் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறான்.

பாஸ்பேட்டில் புதுப் படலம் போட்டேன். எவ்வளவு கழுவியும் அசையவில்லை. ஃப்ரீசரில் மீதமிருந்த அப்பாவின் ரத்தச் சீரத்தை எடுத்து அதன்மேல் விட்டேன். ஆஸ்பத்திரி சொன்ன எண்ணே வந்தது. பேராசிரியர் கைகொடுத்தார். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டவர்களிடம் குளூட்டரால்டிஹைடு என்றேன்.

வீட்டில் அப்பா டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டிரிஸிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"இந்தத் தடவை நல்லா ஒட்டியிருக்கா?"

"ஒட்டியிருக்குப்பா."

"ரெண்டு மெஷினும் ஒத்துப்போச்சுன்னா உனக்குப் பட்டம் குடுத்துடுவாங்கல்ல?"

"குடுப்பாங்க."

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். இடது கையை நீட்டி, மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. ஆபரேஷனுக்கு எப்ப வரணும்னு போன் பண்ணிக் கேளு," என்றார்.