பொறவு போட்டுக்கலாம்

போன வாரம் என் மனைவி கேஸ் சிலிண்டர் புத்தகத்தைக் கேட்டாள். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். உடனே அவள் புதிய புத்தகம் வாங்குவதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் பத்திரத்தின் லட்சணம் அவளுக்கு அத்துப்படி.

குற்றம் என்மேல் இல்லை, வளர்ப்பு அப்படி. வேலை தேடிய நாட்களில், நல்ல இன்டர்வியூ வரும்போது போடலாம் என்று எடுத்து வைத்த சட்டை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதற்குள் நுழைகிற உடம்புதான் இப்போது என்னிடம் இல்லை.

பொருளை வைப்பதற்கு மட்டும் அம்மாவிடம் ஒரு தாலுகா ஆபீஸை நடத்தும் அளவுக்குச் சொற்கள் இருந்தன. கழுவிய பாத்திரத்தை ஒதுங்க வைப்பாள். அப்பா வர நேரமானால் மீனின் நடுத்துண்டை எடுத்து வைப்பாள். பஸ்ஸுக்கான சில்லறையை முந்தானையில் முடிந்து வைப்பாள். இதெல்லாம் சாதாரணப் பொருள்களுக்கு, அவற்றை மறுபடி கண்ணால் பார்க்க வாய்ப்புண்டு. பத்திரப்படுத்துவது என்பது மேலிடம். அங்கே போன ஃபைல் திரும்பி வராது. கொழும்பிலிருந்து தோணிக்காரர் ஒருவர் கொண்டுவந்து தந்த வாசனைச் சோப்பு, விருந்தாளிக்கென்று பத்திரப்படுத்தப்பட்டது. விருந்தாளிகள் வந்தார்கள், பச்சைத் தண்ணீரில் கை கழுவிச் சாப்பிட்டார்கள், போனார்கள். அந்தச் சோப்புக்குத் தகுதியான விருந்தாளி கடைசிவரை எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

அந்தச் சோப்பு இருந்த டப்பாவில்தான் முதலில் முத்துகளும் இருந்தன.

அப்பாவுக்குத் திரேஸ்புரத்தில் கயிறும் வலையும் விற்கிற கடை. சங்கு குளிக்கப் போகிற மிக்கேல் அண்ணாச்சி அங்கேதான் கயிறு வாங்குவார். அக்கா பிறந்தபோது இரண்டு முத்துகளைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாராம். "பிள்ளைக்குக் கம்மல் செஞ்சு போடுங்க மைனி. முத்தைப் பொழங்கணும், பொழங்கப் பொழங்கத்தான் மினுங்கும்" என்றும் சொன்னாராம். அம்மாவுக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம். விதைநெல்லை வருஷக்கணக்கில் காப்பாற்றிய குடும்பம். முத்தை முங்கி எடுக்கத் தெரிந்தவருக்கு அதை வைக்கத் தெரியுமா என்று நினைத்திருப்பாள்.

பீரோவில் இருந்தால் திருடன் கண் படும். எனவே முத்துகள் டப்பாவிலிருந்து பழம்புளி ஜாடிக்குக் குடிபெயர்ந்தன. மருந்துக்கென்று வைத்திருந்த, கறுத்துப்போன பழைய புளி. அந்த ஜாடிப் பக்கம் யாரும் போகமாட்டோம். துணியில் முடிந்து அடியில் அமுக்கிவிட்டாள். இந்த விவரமெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அக்காவுக்கு அந்த முத்துகள்மேல் உயிர். பத்தாம் வகுப்பில் கேட்டாள், கிடைக்கவில்லை. சாயர்புரம் கல்லூரியில் கடைசி வருஷ விழாவுக்கு மேடையேறிப் பாட வேண்டியிருந்தது. அப்போதும் கேட்டாள்.

"எம்மா, ஒரே ஒரு நாளு. கம்மலாச் செஞ்சு தா. போட்டுட்டுத் திருப்பித் தந்திருதேன்."

"ஏளா, இப்பவே போட்டா கல்யாணத்துக்கு என்னத்தப் போடுவ? அது எங்கன ஓடிரப் போவுது? பத்திரமா இருக்கு. பொறவு போட்டுக்கலாம்."

அக்கா ஃபேன்சி ஸ்டோர் கம்மலோடு போய்ப் பாடினாள். விழா போட்டோவில் அவள் முகத்தைவிடக் காது நன்றாகத் தெரியும். அவ்வளவு வீக்கம்.

ஒருவழியாகக் கல்யாணம் நிச்சயமானது. ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்தார் அப்பா. அம்மா பெருமையாக ஜாடியைத் தூக்கிவந்து நடுவீட்டில் வைத்தபோது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"குத்துவெளக்கே புளி போட்டுத் தேச்சா பளபளங்குது. முத்துக்கு என்ன கொறச்சல்?" என்றாள்.

முழங்கை வரை உள்ளே விட்டு முடிச்சை எடுத்தாள். அவிழ்த்தால், பழுப்பேறிய இரண்டு பொடி உருண்டைகள், ஊறிய ஜவ்வரிசி மாதிரி. ஆசாரி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். பாதி பொடியாகி அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

"தாயி, இது என்னது?"

"முத்து."

"முத்தைப் புளி தின்னுட்டு தாயி."

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும் விட்டேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன். ஏனென்றால் அக்கா அழவில்லை, சத்தம் போடவில்லை. அந்த ஈரத்துணியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு நாளு போட்டிருந்தா அந்த ஒரு நாளாவது எனக்கு இருந்திருக்கும். இனிமே எனக்குன்னு எதையும் எடுத்து வைக்காதம்மா."

வாழ்நாளில் யார் பேச்சையும் கேட்காத அம்மா, அக்காவின் இந்தப் பேச்சை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டாள். அன்றைக்கே சோப்பை உடைத்துத் துணி துவைத்தாள். வாசனை முழுக்க எப்போதோ போயிருந்தது. கல்யாணமாகி அக்கா கோயம்புத்தூர் போன பிறகு, தீபாவளிச் சேலையை ஆடியிலேயே வாங்கி அன்றைக்கே அனுப்பிவிடுவாள். கருப்பட்டி வந்தால் காகிதம்கூடப் பிரிக்காமல் பார்சல் ஆபீஸுக்குப் போகும். ஏதாவது கேட்டால் "இந்தா, கொண்டு போ" என்பாள். பொறவு என்ற சொல்லே எங்கள் வீட்டில் அற்றுப்போனது. நாங்களும், அம்மா ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் முடிந்து ஊருக்குப் போன அக்கா, மறுவாரம் ஃபோன் செய்தாள். ஊர்க்கதையெல்லாம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"ஏலே, அம்மா எனக்குன்னு எதுவும் எடுத்து வச்சிருக்காளா?"

ஃபோனைக் காதில் வைத்தபடியே பீரோவைத் திறந்தேன். அடுக்களை டப்பாக்களை, தலையணை உறைகளை, சாமிப் படத்தின் பின்புறத்தைக்கூடப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா."



"நல்லாப் பாருலே" என்றாள்.

நான் நன்றாகத்தான் பார்த்தேன்.