கரவானுக்குள் பால் காய்ச்சினோம்

மக்களே, நாளை விடிய நாங்கள் கடற்கரைக்குப் போகிறோம்! இன்று மதியம்வரை அந்தப் பயணம் ஒரு சட்டிப் பாலின் கையில் இருந்தது.

அண்ணை தன் றெஸ்ரோறண்ட் முதலாளியிடம், காரில் பூட்டி இழுத்துப் போகும் சக்கர வீடான கரவானை இரவல் வாங்கி, லா சப்பலில் எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார். பாய், அரிசி, பாட்டுக் கசெற் எல்லாம் ஏற்றியாயிற்று. அம்மா மட்டும் ஏறவில்லை.

"படுக்கிற இடமெண்டால் அதுவும் வீடுதான். பால் காய்ச்சோணும். தெற்காலை வழிஞ்சுதோ, ஒருத்தரும் போகேலாது."

அம்மா பால் எடுக்க மேலே வீட்டுக்குப் போனார். கரவான் அடுப்பருகே நான் வைத்த தோடம்பழம் உருண்டு தெற்குப் பக்கம் விழுந்தது. தெரு அந்தப் பக்கம் சரிவு!

"போச்சடா! சில்லுக்குக் கீழை பலகை வைச்சால் மட்டமாகுமெண்டு முதலாளி சொன்னவர்," என்றார் அண்ணை.

"மட்டம் காணாதண்ணை. வடக்காலை சரிப்பம்."

மரக்கறிக் கடைப் பலகைகள் இரண்டைத் தெற்குச் சில்லின் முன்னால் வைத்தேன். அண்ணை காரை மெல்ல எடுக்க, கரவான் பலகையில் ஏறி நின்றது. பிரேக்கையும் இழுத்துவிட்டோம்.

அம்மா பாலோடு வந்து சட்டியை அடுப்பில் வைத்தார். பால் பொங்கியது. அருவிபோல் வடக்கே கொட்டி அடுப்பையே அணைத்தது!

"குபேரன்ரை திசை! வெளிக்கிடுங்கோ!" அம்மா துள்ளினார்.

காஸை மூடிவிட்டு, துடைப்பதற்காகச் சட்டியைத் தூக்கினேன். அதன் தெற்குப் பக்க அடியில் ஒரு கரண்டி செருகியிருந்தது.

"என்னடா பாக்கிறாய்? எனக்குக் கடல் பாக்க ஆசை இராதே? வாயை மூடிக்கொண்டு துடை," என்றார் அம்மா.

வாயைத்தான் மூடச் சொன்னார். கையை அல்ல. ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் பால் தானாகத்தான் வழிந்ததா?